பெரிய எண்களுக்கு ஆல்பெர்னின் கால்குலேட்டர்: நம்பிப் பயன்படுத்தலாம்

இருபது, முப்பது இலக்க எண் ஒன்றின் குணங்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது டாரியோ ஆல்பெர்னின் காரணிப்படுத்தும் கால்குலேட்டரைத்தான், அதாவது ஒரு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டும் கருவி. அர்ஜென்டினாக்காரரான அவர் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். எதையும் நிறுவ வேண்டாம், நம் பிரவுசரிலேயே கணக்கு ஓடுகிறது.

எண்ணை முழுசாகத் தட்டச்சு செய்யவும் தேவையில்லை, 2^67-1 (இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) என்று போட்டால் போதும். யாருக்கு இதைக் காட்டினாலும் அந்த எண்ணைத்தான் முதலில் போடச் சொல்வேன். 1644-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் அதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-ல் அதே நாட்டுக் கணித அறிஞர் லூகாஸ் அது பகு எண் என்று நிரூபித்தாரே தவிர, காரணிகள் எவை என்று அவர் முறையில் தெரியவில்லை. 1903-ல்தான் எஃப். என். கோல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 193707721 × 761838257287 என்று காட்டினார். இங்கே பொத்தானை அழுத்திய உடனே அது வந்துவிடும்.

ஆனால் எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது அதற்குக் கீழே வருகிற வரிகளால்: மொத்தக் காரணிகள் எத்தனை (1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்து இங்கே 4), அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லரின் ஃபை (அந்த எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது), மோபியஸ் மதிப்பு (ஒரே பகாக் காரணி திரும்ப வந்தால் 0, இல்லாவிட்டால் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் 1, ஒற்றைப்படையானால் -1), அப்புறம் வர்க்கங்களின் கூட்டலாக அந்த எண். 2^67-1 ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7, அப்படிப்பட்ட எண்ணுக்கு மூன்று வர்க்கங்கள் ஒருபோதும் போதாது, அதனால் நான்கு வர்க்கங்கள் வருகின்றன. 2^64+1 இன்னும் அழகு. 4294967296² + 1² என்பது பார்த்தாலே தெரியும், 4046803256² + 1438793759² என்றாலும் அதே எண்தான்! இரண்டு விதமாக இப்படி எழுத முடிகிற ஒற்றைப்படை எண் பகா எண்ணாக இருக்க முடியாது என்பது ஆய்லர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். 274177 × 67280421310721 என்று அது உடைவதைப் பார்க்கும்போது அந்தத் தேற்றம் மனதில் பதிந்துவிடுகிறது.

காரணிகளைத் தேட இந்தக் கருவி இரண்டு முறைகளை வைத்திருக்கிறது. சிறிய காரணி ஒளிந்திருந்தால் நீள்வட்ட வளைவு முறை சீக்கிரம் பிடித்துவிடும். இரண்டு காரணிகளுமே பெரிதாக இருந்தால் இருபடிச் சல்லடை முறைக்குப் போகும், அங்கேதான் பொறுமை வேண்டும். தொண்ணூறு இலக்கத்தை நெருங்கினால் நீண்ட நேரம் ஓட விட வேண்டியிருக்கும், அதைப் போனில் போடாதீர்கள். அதைக் கருவியின் குறையாக நான் எண்ணவில்லை, இணையத்தில் தகவல்களை ரகசியமாக அனுப்பப் பயன்படும் ஆர்எஸ்ஏ குறியாக்கம் நிற்பதே இந்தக் கடினத்தின் மேல்தான். ஏற்கெனவே யாராவது உடைத்த எண்ணா என்று தேட மட்டும், உடைத்த எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபேக்டர்டிபி என்ற இணையதளத்தின் பக்கம் போகலாம்.

ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும் இருப்பது பள்ளி மாணவர்களுக்குச் சிரமம்தான், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். கல்லூரியில் கணிதம் படிப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். 2^128+1 போட்டுப் பாருங்கள்: 39 இலக்கம், 1970-ல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர் பின்ன முறையில் (பின்னத்துக்குள் பின்னமாக விரிவதைக் கொண்டு காரணி தேடும் வழி) உடைத்தது.