துபாய் ஃப்ரீசர் வண்டியா, நாமக்கல் முட்டை லோடா?

வளைகுடாவில் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் சாப்பாட்டுச் சரக்கு இறக்கும் வண்டி ஓட்டுகிற நம்ம ஊர்ப் பையன்கள் லீவில் வந்தால், டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: "ஏங்ண்ணா, திரும்பி வந்துட்டீங்களே, கட்டுபடி ஆகுதுங்களா?" நான் துபாயில் 3 டன் ஃப்ரீசர் வண்டி ஓட்டினேன். இப்போது நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு அடிக்கிறேன். ஊர்ப் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். அங்கே ரோடு நல்ல ரோடு, வண்டியில் ஏசி, சம்பளம் தேதிக்கு வரும். இங்கே குழந்தை முகம் பார்க்கலாம், கல்யாணம் காட்சிக்குப் போகலாம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

பணத்தைப் பார்ப்போம். எனக்குக் கைக்கு வந்தது 2,300 திர்ஹம் சுமார். ரூம் கம்பெனியுடையது. மெஸ், போன் எல்லாம் போக ஊருக்கு அனுப்ப முடிந்தது 1,700. திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 39,000 ரூபாய். இங்கே சம்பளமும் பேட்டாவும் சேர்த்து 27,000 பக்கம் வருகிறது. மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம். இது சின்னக் காசு இல்லை. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் இந்த 12,000தான் தவணையே. அதனால் "சொந்த ஊர்ல கஞ்சி குடிச்சாலும் போதும்" என்கிற வசனத்தை யாரிடமும் நான் சொல்வதில்லை.

ஆனால் அந்த 12,000 எதற்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி ஓட்டுவதற்கு இல்லை. சுமப்பதற்கு.

விசாவில் டிரைவர் என்று இருக்கும். ஓட்டுவது நாளில் பாதிகூட இருக்காது. உறைய வைத்த கோழி ஒரு பெட்டி 10 கிலோ, உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் ஒரு பெட்டி 10 கிலோ. நாளைக்கு 250 பெட்டி இறக்கினால் இரண்டரை டன். ஒவ்வொரு பெட்டியையும் வண்டியிலிருந்து டிராலிக்கு ஒரு தடவை, டிராலியிலிருந்து கடைக்காரர் ஃப்ரீசருக்கு இன்னொரு தடவை தூக்க வேண்டும். ஆக, 5 டன். ஹெல்ப்பர் இருப்பான், ஆனால் துபாயின் பழைய கடைப் பகுதிகளான கராமா, தேரா சந்துகளில் பார்க்கிங் கிடைக்காது. டபுள் பார்க்கிங் போட்டுவிட்டு ஒருத்தர் வண்டியிடம் நிற்க வேண்டும், மற்றவர் சுமக்க வேண்டும். ஹெல்ப்பர் லீவு என்றால் இரண்டும் நாம்தான்.

பழைய கட்டட ரெஸ்டாரன்ட் என்றால் ஸ்டோர் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருக்கும். டிராலி ஏறாது. சமையல்கட்டுப் பின்வாசல் படியில் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் வைக்கும் படி கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவி இறங்க வேண்டும். வண்டி பாடிக்குள்ளே மைனஸ் 18, வெளியே ஜூலையில் 45. வேர்த்த பனியனோடு அந்தக் குளிருக்குள் ஏறி இறங்குவதே ஒரு தனி வேலை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை ஓய்வு என்று அங்கே சட்டம் உண்டு, நல்ல சட்டம். எங்கள் நேரத்தை நிர்ணயித்தது என்னவோ கடைக்காரர் சரக்கு வாங்கும் நேரம்தான். அது 1 மணி என்றால் 1 மணிதான்.

முதலில் போனது முட்டி. டெயில் லிஃப்ட் (சரக்கை ஏற்றி இறக்கப் பின்பக்கம் இருக்கும் தூக்கித் தட்டு) இல்லாத வண்டியில் நாள் முழுக்க ஏறிக் குதிப்பதால் வருவது. பிறகு இடுப்பு. முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் எல்4, எல்5 என்று டாக்டர் சொல்கிற இடம் நம் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். லாரி வைத்திருப்பவர் டயர் தேய்மானத்தைக் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்கில் எழுதிவிட்டுத்தான் லாபம் பார்ப்பார். மாதம் 12,000 கூடுதல் என்று சொல்கிற டிரைவர் தன் உடம்பின் தேய்மானத்தைக் கணக்கில் எழுதுவதில்லை. 28 வயதில் எழுதவும் தேவையில்லை. 40க்கு மேல், இன்னும் 15 வருஷம் ஸ்டியரிங் பிடித்தாக வேண்டும் என்கிறவர் எழுதித்தான் ஆகவேண்டும். முட்டி போய்விட்டால் துபாய் வேலையும் இல்லை, நாமக்கல் வேலையும் இல்லை.

வேலையை முடித்து வரும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி வருமே என்பார்கள். வரும். அதையும் போட்டுப் பார்ப்போம். முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். கணக்குப் போடுவது மொத்தச் சம்பளத்தில் இல்லை, அலவன்ஸ் சேர்க்காத அடிப்படைச் சம்பளமான பேசிக்கில். என் பேசிக் 1,200. வருஷத்துக்கு 840 திர்ஹம், 5 வருஷத்துக்கு 4,200, நம் காசில் 96,600 ரூபாய். ஒரு நல்ல விஷயம், நாமாக வேலையை விட்டால் இதில் வெட்டுகிற பழைய முறை 2022 பிப்ரவரி 2இல் வந்த புதுச் சட்டத்தோடு போய்விட்டது. அதனால் சேரும்போதே பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள்.

இப்போது முட்டை லோடு. பண்ணையில் அட்டை அட்டையாக ஏற்றுவது ஏற்றுகூலி ஆட்கள். ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீங்க ஸ்டியரிங்கைப் பாத்துக்கங்க, அட்டையில கை வைக்க வேண்டாம்ங்க. உடைஞ்சா அவங்க பொறுப்பு." கேரளாவில் கேட்கவே வேண்டாம். 1978இலேயே சுமைத் தொழிலாளர் சட்டம் போட்ட மாநிலம். யூனியன்காரர்கள் இறக்குகிற இடத்தில் நாம் உதவிக்குக் கை நீட்டினாலும் விடமாட்டார்கள். இறக்காமல் வேடிக்கை பார்த்துவிட்டு வாங்கிய நோக்குகூலியை 2018 மே மாதம் அரசே தடை செய்தது. ஓனர்களுக்கு அந்த யூனியன் தலைவலிதான். என் இடுப்புக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது. அவர்கள் இறக்கி முடிக்கும்வரை நான் கேபினில் கால் நீட்டிப் படுத்திருப்பேன்.

இதை வைத்து இங்கே சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது நம் வேலை, நடுராத்திரி பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதும் நம் வேலை. கிளீனர் கிடைப்பது குறைந்துவிட்டதால் பல நாள் தனியாள்தான். முட்டை என்பதால் சடன் பிரேக் அடிக்க முடியாது, வேகத்தடைகளின் மேல் தவழ்ந்துதான் போக வேண்டும். வாளையாறு தாண்டி குதிரான் மலைப்பாதையில் முன்பு மணிக்கணக்கில் நிற்போம், 2021இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பாடு தீர்ந்தது. தீராதது தூக்கம். ராத்திரி ஓட்டம், பகல் தூக்கம், வீட்டில் குழந்தைகள் சத்தம். கேபின் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நான் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி, ஜன்னல் காற்றுதான். ஆனாலும் தூக்கம் கெட்டால் ஒரு நாள் படுத்துச் சரிசெய்யலாம். இடுப்பு டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை.

சவுதி, கத்தார் பக்கம் நான் ஓட்டியதில்லை. துபாயிலேயே ட்ரைலர், டேங்கர் ஓட்டுகிறவர்கள் பெட்டி தூக்குவதில்லை, அவர்களுக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அந்த லைசென்ஸ் கையில் இருந்தால் திரும்பி வருவதற்கு முன் அந்த வேலைக்கு மாறிப் பாருங்கள். ஊரில் சொந்த வண்டி போடும் யோசனை இருந்தால் தவணை கட்டுகிற ஒரு ஓனரிடம் பேசுங்கள். நான் சம்பள டிரைவர், எனக்கு அந்த வலி பழக்கமில்லை.

வரலாம் என்று முடிவு செய்கிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது நம் ஊர் ஹெவி லைசென்ஸை. அதன் ஆயுள் 5 வருஷம். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் விட்டால் ஆர்டிஓ ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். துபாயில் இத்தனை வருஷம் ஓட்டினேன் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. லீவில் வரும்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதே லீவில் தெரிந்த டிரைவர் யாருடனாவது எர்ணாகுளம் வரை ஒரு நடை கிளீனராக ஏறிப் போய்விட்டு வாருங்கள். ராத்திரி ஓட்டம் உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்.