நவாஸ் வழியா, இம்ரான் வழியா?

பாகிஸ்தானில் ராணுவத்தோடு முட்டிக்கொண்ட தலைவர் முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப் போல விட்டுக்கொடுத்துப் பிழைப்பதா, இன்னொரு முன்னாள் பிரதமர் இம்ரான் கான் போல எதிர்த்து நிற்பதா? இந்தக் கேள்வியில் பலர் இன்னும் இரண்டு மனதாகவே இருக்கிறார்கள்.

கொடுத்த விலை
நவாஸ்: 1999 அக்டோபரில் ராணுவத் தளபதி முஷாரஃப் இவரது ஆட்சியைப் பறித்தார். அடுத்த ஆண்டு நவாஸ் குடும்பத்தோடு சவூதிக்குப் போனார்.
இம்ரான்: 2023 ஆகஸ்ட் முதல் சிறை. அவரைவிடத் தொண்டர்கள் பட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஆண்டு மே 9 அன்று அவர் முதலில் கைதானதும் லாகூரில் ராணுவத் தளபதி ஒருவரின் வீடு எரிக்கப்பட்டது. எரித்தது தவறுதான். அதற்காகக் குடிமக்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியதை ஏற்கவே முடியாது.

நிலைத்தது எது?
நவாஸ்: 2013இல் மூன்றாம் முறை பிரதமர், 2017இல் உச்ச நீதிமன்றம் தகுதிநீக்கம் செய்தது.
இம்ரான்: 2024 தேர்தலில் கட்சிக்கு மட்டைச் சின்னம் கிடைக்கவில்லை. கத்தரிக்காய் போன்ற சின்னங்களில் சுயேச்சைகளாக நின்றும், அவர் ஆதரவாளர்கள் எந்தக் கட்சியையும்விட அதிக இடங்களை வென்றார்கள். ஆட்சி மட்டும் கைக்கு வரவில்லை.

எளிது
நவாஸ் வழிதான்.

சரி, நாற்காலிக்குத் திரும்புவதே நோக்கம் என்றால் நவாஸ் வழி. வாக்காளர் மனதில் இடம் பிடிக்க இம்ரான் வழி. ஆனால் தொண்டர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லாமல் அதில் இறங்கவே கூடாது.