ஒப்பரேஷன் நேரத்தில் ஐபிஎஸ்: எந்த மருந்து, எந்தச் சாப்பாடு?

ஹெர்னியாவோ பித்தப்பைக் கல்லோ சிசேரியனோ, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தவுடன் ஐபிஎஸ் (வயிற்று நோவு, ஊதல், மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம் என்று அடிக்கடி படுத்தும் குடல் கோளாறு) உள்ளவருக்கு வெட்டுக் காயத்தைவிட வயிற்றை நினைத்துத்தான் பயம். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வருபவர், வார்டில் மலசலகூடம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பார். ஆனால் வைத்தியரிடம் வாய் திறக்க மாட்டார். "இதையெல்லாம் ஒரு வருத்தமென்று சொல்வதா" என்ற கூச்சம். சொல்லியே ஆக வேண்டும். பிறகு குடல் படும் பாட்டில் பெரும்பங்கு, நோவுக்கு என்ன மருந்து தருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு பக்கம் மோர்பின், டிரமடோல், கோடீன் என்ற கடும் நோ மருந்துகள். பெரிய வெட்டு என்றால் முதல் ஓரிரு நாள் இவை தேவைப்படலாம். வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடிக்கவும் கூடாது. நோவில் எழும்பி நடக்காமல் கிடந்தால் அதுவும் கெடுதல்தான். ஆனால் இவை குடலின் அசைவை மந்தமாக்கும். ஏற்கெனவே மலச்சிக்கல் வகை ஐபிஎஸ் என்றால் வயிறு ஊதி, காற்றும் பிரியாமல், காயத்தைவிட அதுதான் வாட்டும்.

மறுபக்கம் பரசிட்டமோல், நம் வீட்டுப் பனடோல்தான். இதைக் குறைத்து எடைபோடுகிறோம். நோ வந்த பிறகு தேடாமல், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு குளிசை என்று நேரம் தவறாமல் போட்டால் டிரமடோலின் தேவை நன்றாகக் குறையும். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு 8 தான் உச்சம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதைவிடக் குறைவு. டிக்ளோபெனாக், இபுபுரூபன் என்ற நோ மருந்துகள் மலத்தை இறுக்குவதில்லை, ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

என்னைக் கேட்டால், பனடோல் அடித்தளம், ஒத்துக்கொண்டால் டிக்ளோபெனாக், டிரமடோல் தாங்க முடியாத நேரத்துக்கு மட்டும். இதை ஒப்பரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து வைத்தியரிடம் பேசி முடிக்க வேண்டும். ஐபிஎஸ்ஸுக்காக இரவில் அமிட்ரிப்டிலின் போடுபவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிரமடோலுடன் சேர்ந்தால் வலிப்பு உட்பட ஆபத்துண்டு. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு டிரமடோலும் கோடீனும் பொருத்தமில்லை.

மலம் இளக எது? வார்டில் பெரும்பாலும் லாக்டுலோஸ் பாணிதான் நினைவுக்கு வரும். அது குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும். ஊதும் வயிற்றுக்காரருக்கு அது இன்னொரு தொல்லை. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மக்ரோகோல் தூளில் அந்தக் காற்று குறைவு. பார்மசியில் கிடைத்தால் நான் அதன் பக்கம். வழக்கமாக இசப்கோல் என்ற நார்த்தூளைக் கரைத்துக் குடிப்பவர்கள், மோர்பின் வகை மருந்து ஓடும் நாட்களில் அதை நிறுத்துவது நல்லது. அசையாத குடலில், தண்ணீரும் போதாமல், அது அடைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பட்டினியில் பெரிய விவாதம் இல்லை: திட உணவு 6 மணித்தியாலம், தண்ணீரும் பால் விடாத தேத்தண்ணியும் 2 மணித்தியாலம் முன்பு வரை என்பது பொதுவான கணக்கு. உங்கள் வைத்தியர் வேறு சொன்னால் அதுதான் சரி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டி, சரக்குக் கறிக்கும் வெறும் கஞ்சிக்கும். "உள்ளி நல்லாப் போட்டிருக்கிறன், சாப்பிடு பிள்ளை, காயம் ஆறும்" என்று மாமி சட்டியோடு வந்து நிற்பார். மல்லி, சீரகம், மஞ்சள் பெரும்பாலோருக்குப் பிரச்சினையில்லை. மிளகு அளவாக இருக்கட்டும். முழுப் பற்களாகப் போடும் உள்ளிதான் வில்லங்கம்: அதிலுள்ள ஃபிரக்டான் என்ற ஒருவகைச் சர்க்கரைச் சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வயிற்றை ஊதவைக்கும். மாமியின் மனதும் நோகாமல் ஒரு வழியுண்டு. நல்லெண்ணெயில் உள்ளியை வதக்கி, பற்களை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கறியைத் தாளிக்கலாம். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் இறங்கும். ஆக, கஞ்சி முதல் நாளுக்கு. அப்புறம் மீன் போட்ட, உள்ளி நீக்கிய சரக்குக் கறியே மேல், புரதமும் கிடைக்கும். இடியப்பம் கோதுமை மாவில் வேண்டாம், அதிலும் ஃபிரக்டான் உண்டு, அரிசி மாவில் அவிக்கச் சொல்லுங்கள். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும், வயிற்றை ஊதவைக்கக்கூடிய அப்பிளையும் பால்மாவையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பப்பாசிப்பழம் கேட்கலாம்.

வயிற்றோட்ட வகைக்காரருக்குத் தொல்லை அன்டிபயோட்டிக்கால் வரும். அதற்கு வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைடைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு கேட்காமல் தொடவே வேண்டாம். காய்ச்சல், மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, காற்றும் பிரியாமல் கல்லாக இறுகிய வயிறு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஐபிஎஸ் என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.