சலிபா, எண் 2: இரண்டு ஆண்டு உடுத்திய ஓர் ஆர்சனல் சட்டை

கால்பந்துச் சட்டை வாங்குகிறவருக்குத் துணியைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று. முதுகில் யார் பெயரைப் பொறிப்பது என்பதுதான் கடினம். துணி எப்படியும் ஐந்தாறு ஆண்டு உழைத்துவிடும். பெயருக்கு உரியவர் அத்தனை காலம் அதே அணியில் இருப்பாரா என்பதற்கு எந்தக் கடையிலும் உத்தரவாதச் சீட்டு தருவதில்லை. 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லண்டனில் நான் வாங்கிய, அந்நகரின் ஆர்சனல் கால்பந்துக் கழகத்துச் சட்டையின் முதுகில் அதன் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் வில்லியம் சலிபாவின் பெயரும் 2 என்ற எண்ணும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறையாவது உடுத்தித் துவைத்து, இரண்டு ஆண்டு கடந்த பிறகு இதை எழுதுகிறேன். துணி, பொறித்த எழுத்து, பெயருக்கு உரிய மனிதர் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் பெயர் பொறித்த சட்டை என்பதால், மூன்றையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டை, 2023–24 பருவத்துக்காக அடிடாஸ் தயாரித்தது. ஆட்டக்காரர்கள் களத்தில் அணிவதைப் போல உடலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய வகை ஒன்றும், ரசிகர்களுக்கென்று சற்றுத் தளர்வாகத் தைத்த, விலை குறைந்த வகை ஒன்றும் விற்பனைக்கு வரும். வயிற்றுப் பகுதி சற்று முன்னே வந்துவிட்ட வயதினர் இரண்டாவதை எடுப்பதே விவேகம். நான் அதைத்தான் எடுத்தேன். உடல் சிவப்பு, கைகள் வெள்ளை, ஓரங்களில் பொன்னிற வேலைப்பாடு. அந்தப் பொன்னிறத்துக்குக் காரணம் உண்டு. 2003–04 பருவத்தில் ஆர்சனல், இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், 26 வெற்றியும் 12 சமனுமாகப் பட்டம் வென்றதன் இருபதாம் ஆண்டு நினைவாக வெளியிடப்பட்ட சட்டை இது. பக்கவாட்டில் மின்னல் கீற்றுப் போல இறங்கும் கோடுகள் அந்தப் பருவத்தின் முடிவுகளைக் கொண்டு வரையப்பட்டவை. உடுத்தியிருப்பவர் கையைத் தூக்கினால் ஒழிய அவை கண்ணில் படுவதில்லை என்பது வேறு விஷயம். சாயம் இன்றுவரை வெளுக்கவில்லை. வெள்ளைக் கைகளில் சிவப்பு ஏறவும் இல்லை. கழுத்துப்பட்டையின் உட்புறம் மட்டும் லேசாக நூல் பிரிந்திருக்கிறது.

பெயர் எழுதக் கொடுத்த கடையில் இருந்த இளைஞர், "சாக்கா பெயர்தானே?" என்று கேட்டபடியே எஸ் என்ற எழுத்தைக் கையில் எடுத்துவிட்டார். எஸ் சரிதான், ஆனால் பெயர் முன்வரிசையில் கோல் அடிக்கும் சாக்கா அல்ல, சலிபா என்றேன். தற்காப்பு ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் அங்கே அரிது போலும். கோல் அடிப்பவரின் பெயருக்குத்தான் கடைகளில் எப்போதும் கேட்பு. ஆனால் கோல் அடிப்பவரைத்தான் அடுத்த கோடையில் மற்றோர் அணி விலை பேசவும் செய்கிறது. நடுத் தற்காப்பில் நிற்கும் ஒருவர் தேறிவிட்டால், அவரை அணிகள் எளிதில் கைவிடுவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சலிபாவைத் தேர்ந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் ஆர்சனலுக்கு வந்து சேர்ந்த விதம்.

பாரிஸ் நகரின் வடகிழக்கே உள்ள போண்டி என்னும் புறநகரில் 2001 மார்ச்சில் பிறந்தவர் சலிபா. தந்தை லெபனான் வழியினர், தாய் கேமரூன் நாட்டு வழியினர். கிலியன் எம்பாப்பே வளர்ந்த அதே ஊர்; எம்பாப்பேயின் தந்தை வில்ஃப்ரெட்தான் உள்ளூர்க் கழகத்தில் சிறுவன் சலிபாவுக்கும் பயிற்சி தந்தவர். 2016இல் சென்ட் எத்தியென் கழகத்தின் இளையோர் அணியில் சேர்ந்து, 2018 செப்டம்பரில், பதினேழு வயதில், பிரெஞ்சு முதல் பிரிவு லீக்கில் துலூஸுக்கு எதிராகக் களமிறங்கினார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் பதினாறு மட்டுமே. அவ்வளவையும் பார்த்த ஆர்சனல் 2019 ஜூலையில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கி, வாங்கிய கையோடு ஓராண்டு இரவலாக, கால்பந்து வழக்கில் சொன்னால் லோனில், அதே சென்ட் எத்தியெனுக்குத் திருப்பி அனுப்பியது.

இதற்குப் பிறகு நடந்தவைதான் சட்டை வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை. அவரை வாங்கியபோது ஆர்சனலின் பயிற்சியாளர் உனை எமரி; அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் நீக்கப்பட்டு, டிசம்பரில் மிக்கேல் ஆர்தெத்தா வந்தார். 2020 ஜூலையில் சென்ட் எத்தியென் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் பாரிஸ் அணியைச் சந்தித்தபோது, இரவல் காலத்தை நீட்டிப்பதில் இரண்டு கழகங்களும் உடன்படாததால், பத்தொன்பது வயதுப் பையன் அந்த ஆட்டத்தையே இழந்தார். லண்டனுக்கு வந்தால், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் ஐரோப்பா லீக் போட்டிக்கான ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முதல் அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடாமல், 2021 ஜனவரியில் பிரான்சின் நீஸ் கழகத்துக்கு இரவல். அந்தக் கோடையில் அதே நாட்டின் மார்செய் கழகத்துக்கு இன்னோர் இரவல். 2019இல் உற்சாக மிகுதியில் சலிபா பெயரைப் பொறித்துக்கொண்ட ரசிகர் யாராவது இருந்திருந்தால், அவர் அந்தப் பெயரைக் களத்தில் பார்க்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சட்டையின் மாதிரி மூன்று முறை மாறிவிட்டது.

மார்செய் அந்தக் காத்திருப்புக்கு நியாயம் செய்தது. 2021–22 பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அணி லீக்கில் இரண்டாம் இடம். பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. 2022 மார்ச்சில், மார்செயின் சொந்த மைதானமான வெலோட்ரோமிலேயே ஐவரி கோஸ்டுக்கு எதிராக பிரான்சு தேசிய அணியில் முதல் ஆட்டம். அந்த ஆகஸ்டு 5ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஆர்சனலுக்காக முதன்முறை இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆனால் முதல் பிரிவு ஆட்டத்தில் நான்காண்டு அனுபவம் உள்ளவரைப் போல நின்றார், உண்மையில் அப்படிப்பட்டவராகவே இருந்தார். அடுத்த வாரம் லெஸ்டருக்கு எதிராகத் தம் வலையிலேயே பந்தைத் தலையால் தட்டிவிட்டார். சொந்த மைதானத்துக் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்துத் தேற்றியது. அதற்கடுத்த வாரம் போர்ன்மத்தில், கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து இடக்காலால் வளைத்து அடித்த பந்து வலையின் மூலையில் போய் விழுந்ததும், சக ஆட்டக்காரர் சின்சென்கோ இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கோலைப் பார்த்த மறுநாளே என் அக்கா மகன் சலிபா பெயரைப் பொறித்த சட்டை கேட்டு அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். அப்போது சலிபாவின் எண் 12. ஓராண்டு கழித்து எண் 2ஆக மாறியது. 12ஐப் புதிதாக வந்த யூரியன் டிம்பர் எடுத்துக்கொண்டார். "பேரை மட்டும் உரிச்சிட்டா டிம்பர் சட்டை ஆயிடும், மாமா" என்று பையன் சமாதானம் சொல்லிக்கொள்கிறான். ஆட்டக்காரர் அணி மாறுவதை மட்டும் யோசித்து வாங்குகிறோம். எண் மாறுவதை யாரும் யோசிப்பதில்லை. புதிதாக வந்தவருடைய பெயரைப் பொறிப்பதாக இருந்தால், இரண்டாம் பருவம் வரை பொறுப்பது நல்லது என்பது நான் அந்தப் பன்னிரண்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2 என்பது வலப்புறத் தற்காப்பாளருக்கு வழக்கமாகத் தரும் எண். நடுவில் நிற்கும் ஒருவர் அதை அணிவது பழைய கண்ணுக்குச் சற்று உறுத்தும், பழகிவிடும்.

இனி எழுத்துகள். சட்டையை ஓரிடத்தில் தள்ளுபடியில் வாங்கி, பெயரை வேறோர் இடத்தில் ஒட்டக் கொடுத்தது என் தவறு. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். பிரீமியர் லீக் 2023–24 முதல் எழுத்து வடிவத்தை மாற்றியிருந்ததால், பழைய இருப்பில் உள்ள எழுத்தை ஒட்டிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். வடிவம் சரியாகவே இருந்தது. ஆறு எழுத்துகளில் ஐந்து நேராக உட்கார்ந்திருந்தன; கடைசி ஏ மட்டும் நூலிழை அளவு வலப்புறம் சாய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து மேசைமேல் விரித்த பிறகே கண்டேன். நான்காவது துவைப்பில் அந்த ஏயின் இடக்கால் நகத்தால் பெயர்க்கும்படி எழும்பி நின்றது. திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் மறுபடி சூட்டு இயந்திரத்தில் வைத்து அழுத்திக் கொடுத்தார்கள். எழுத்து ஒட்டிக்கொண்டது, ஆனால் சூடு சற்று மிகுந்துவிட்டதால், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துணி பளபளத்துப் போயிற்று. பாலியெஸ்டர் துணியில் அந்த மினுமினுப்பு விழுந்தால் போவதில்லை. வெயிலில் நின்றால் பின்னாலிருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயரோடு ஒப்பிட்டால் எண் எவ்வளவோ மேல். பெரிய 2ஐ இதே இயந்திரத்தில்தான் ஒட்டினார்கள்; வெடிப்பில்லை, மடிப்பில்லை. சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, முப்பது டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல் கொடியில் உலர்த்தினால் இது இன்னும் பல ஆண்டு தாங்கும்.

எழுத்துகளைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், பெயரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகக் குறையில்லை. 2022–23இல் ஆர்சனல் முதல் 27 லீக் ஆட்டங்களில் எதிரணிகளிடம் வாங்கிய கோல்கள் 25. மார்ச் 16ஆம் தேதி ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிரான ஐரோப்பா லீக் ஆட்டத்தில் முதுகுக் காயத்தோடு சலிபா வெளியேறினார். அதன்பின் அந்தப் பருவத்தில் அவர் ஆடவே இல்லை. மிச்சமிருந்த பதினொரு லீக் ஆட்டங்களில் வாங்கியவை 18. பட்டம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போயிற்று. ஒருவர் இல்லாததால் மட்டுமே இவ்வளவும் நேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நான் சட்டை வாங்கிய பருவத்தில் அவர் 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடியபோது, அணி முழுப் பருவத்துக்கும் வாங்கியவை 29தான். இருந்தும் 89 புள்ளிகளோடு, சிட்டிக்கு இரண்டு புள்ளி குறைவாக, மறுபடியும் இரண்டாம் இடம். தோல்வியே காணாத 38 ஆட்டங்களின் நினைவுச் சட்டையில், ஓய்வே எடுக்காத 38 ஆட்டங்களுக்கு உரியவரின் பெயர் அமைந்தது நான் திட்டமிட்டதன்று.

அவர் ஆடுவதைப் பார்க்க ஒரு தனிப் பழக்கம் வேண்டும். 1.92 மீட்டர் உயரம் இருந்தும் புல்லில் விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிப்பது அவரிடம் அரிது. எதிராளி பந்தோடு ஓடி வரும்போது அவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, உடலைச் சற்றுத் திருப்பி, எதிராளிக்கு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பார். அந்தப் பக்கம் திரும்பியதும் நீண்ட கால் ஒன்று குறுக்கே வந்து பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். 2024 மார்ச் 31ஆம் தேதி சிட்டியின் சொந்த மைதானத்தில் கோலில்லாமல் முடிந்த ஆட்டத்தில், சிட்டியின் கோல் அடிப்பவரான எர்லிங் ஹாலண்டைச் சலிபாவும் அவருடைய இணைத் தற்காப்பாளர் கப்ரியேலும் மாறி மாறி நடுவில் வைத்துப் பூட்டினார்கள். கப்ரியேல் மோதுவார், சலிபா காத்திருப்பார். இந்த இணையின் நுட்பம் அவ்வளவுதான். தொகுப்புக் காட்சிகளில் இதற்கு இடமே இராது.

குறைகளும் இருக்கின்றன. அவசரமில்லாத குணமே சில நேரம் அவரைக் கவிழ்க்கிறது. 2024 அக்டோபரில் போர்ன்மத்தில், சக ஆட்டக்காரரின் தவறான பின்பாஸைத் துரத்தி ஓடிய எதிரணியின் எவனில்சனை இழுத்துப் பிடித்ததற்கு நடுவர் முதலில் காட்டிய மஞ்சள் அட்டை, காணொளி மறுபரிசீலனையில் சிவப்பானது, ஆர்சனல் தோற்றது. 2025 ஏப்ரலில், ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானத்தில் சாக்கா கோல் அடித்து இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில், தம் பெட்டிக்கு முன்னால் பந்தோடு யோசித்துக்கொண்டிருந்த சலிபாவிடமிருந்து மாட்ரிட்டின் வினீசியஸ் அதைத் தட்டிப் பறித்துச் சமன் செய்தார். அந்த ஆட்டத்தை இந்தச் சட்டையோடுதான் ஒரு விடுதியில் பார்த்துக்கொண்டிருந்தேன்; என் முதுகைப் படித்த நாலைந்து பேர் நான்தான் பந்தைக் கொடுத்ததைப் போல என்னைப் பார்த்தார்கள். ஆர்சனலின் மார்ட்டினெல்லி கடைசி நிமிடங்களில் அடித்த கோல் என்னையும் காப்பாற்றியது.

அதே ரியல் மாட்ரிட் அவரை விலைக்குக் கேட்கப்போகிறது என்ற செய்தி பத்திரிகைகளில் மாதக்கணக்கில் ஓடியபோது, சட்டை அந்தக் கோடையோடு பழம்பொருளாகிவிடும் என்றே நினைத்தேன். 2025 செப்டம்பர் இறுதியில் 2030 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் நீட்டித்தவரெல்லாம் கடைசி நாள்வரை இருப்பதில்லை என்பது தெரிந்ததே. ஆயினும் இருபத்து நான்கு வயதில், காயம் தேறி, எண்ணும் நிலைத்து, கையெழுத்தும் போட்ட ஒரு நடுத் தற்காப்பாளரைவிடப் பாதுகாப்பான பெயர் இப்போதைக்கு அந்தக் கடைச் சுவரில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வாங்குவதாக இருந்தால், சட்டை விற்கும் கடையிலேயே எழுத்தையும் ஒட்டச் சொல்லுங்கள். சூட்டு இயந்திரத்தின் மூடியை இறக்குமுன், ஆறு எழுத்துகளையும் துணிமேல் அடுக்கி, கழுத்துப்பட்டையின் நடுவிலிருந்து இருபுறமும் அளவுகோல் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். கடைசி ஏயை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.