டிபிலிசி இரவும் கஸ்பெகி பகலும்: தனியாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜார்ஜியாவுக்குத் தனியாகப் போக டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த செப்டம்பர் இறுதியில் நான்கு நாள் விடுப்பில் துபாயிலிருந்து அதன் தலைநகரான டிபிலிசிக்குப் போனேன். ஒரே இரவில் ஏறத்தாழ 45,000 ரூபாய் பறிபோனது. அதன் விளைவாக மறுநாள், எந்த மலைக்காக அவ்வளவு தூரம் போனேனோ அந்த மலையின் அடிவாரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பணத்தைவிட இரண்டாவதுதான் இன்னும் உறுத்துகிறது.

போய் இறங்கிய அன்று மதியமே கஸ்பெகி என்ற மலையூருக்குப் போகும் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். பழைய நகரில், கந்தகக் குளியல் கூடங்கள் இருக்கும் அபனோதுபானிக்குப் பக்கத்தில், பாதையோரம் மடக்கு மேசை போட்டுச் சுற்றுலா விற்கிறார்கள். பனிமலைக்கு முன்னால் தனியே நிற்கும் கெர்கெட்டி தேவாலயத்தின் படம் ஒவ்வொரு மேசையிலும் இருக்கும். நான் நின்ற மேசைக்காரர் 80 லரி கேட்டார். லரி என்பது அந்த நாட்டுப் பணம். அப்போது ஒரு லரி ஏறத்தாழ 30 ரூபாய். "சாப்பாட்டுக்கு மட்டும்தான் நீங்கள் செலவழிக்க வேண்டும், மற்றதெல்லாம் இதில் அடக்கம்" என்றார். ரசீதாகக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு கைபேசி எண்ணும் மறுநாள் காலை 9 மணி என்ற குறிப்பும் மட்டும் இருந்தன. நிறுவனத்தின் பெயர்கூட இல்லை என்பதை அறைக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

அன்று மாலை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ரிகே பூங்காவிலிருந்து கம்பிவட வண்டியில் ஏறி நரிகலா கோட்டைக்குப் போனேன். ஒரு கையில் மதுக் கிண்ணமும் மறு கையில் வாளும் ஏந்தி நகரத்தைப் பார்த்து நிற்கும் 'ஜார்ஜியத் தாய்' சிலையை அண்ணாந்து பார்த்தேன். நட்போடு வருகிறவனுக்குக் கிண்ணம், பகையோடு வருகிறவனுக்கு வாள் என்று சொல்கிறார்கள். இருட்டியதும் கீழே இறங்கி, விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கூரைப் பாலத்தைக் கடந்து, ருஸ்தவேலி சாலையில் நடந்தேன். மணி எட்டரை இருக்கும்.

அங்கேதான் அந்தப் பெண் பேச்சுக் கொடுத்தார். முப்பது வயது இருக்கலாம். தன்னைப் படம் எடுத்துத் தரும்படி கைபேசியை நீட்டினார். பிறகு நான் இந்தியாவா என்று கேட்டார், துபாயில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்ததாகச் சொன்னார். தேரா, சத்வா என்று அங்குள்ள பகுதிகளின் பெயர்கள் அவர் வாயில் சரளமாக வந்தன. பேச்சு திராட்சை மதுவுக்குத் திரும்பியது. மண்ணில் கழுத்துவரை புதைத்த பெரிய தாழிகளில் திராட்சைச் சாற்றை நொதிக்க வைக்கும் முறை அவர்களுடையது. குவேவ்ரி என்பது அந்தத் தாழியின் பெயர். 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் அந்த முறையைச் சேர்த்தது. எனக்கு இதெல்லாம் படித்துத் தெரியும். படித்ததையே ஒருவர் தன் தாத்தா வீட்டுக் கதையாகச் சொன்னபோது ஐயமே எழவில்லை. "பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, ஒரு கோப்பை மட்டும் சுவைத்துவிட்டுப் போங்கள்" என்றார். போனேன்.

சாலையை ஒட்டிய சந்தில் இரண்டு திருப்பம். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. படியிறங்கினால் நிலவறை. ஐந்தாறு மேசைகள், எங்களைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை. விலைப்பட்டியல் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு கோப்பை வந்தது. அவருக்கு ஒரு கோப்பை, பிறகு இன்னொன்று, பிறகு அவருடைய தோழி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார், மேசைக்கு ஒரு புட்டியும் பழத்தட்டும் வந்தன. முக்கால் மணி நேரம்தான். நான் எழுந்து கணக்குக் கேட்டேன்.

1,480 லரி.

எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன். பரிமாறியவர் அப்போதுதான் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் புட்டிக்கு மட்டும் 900 லரி என்று அதில் அச்சாகியிருந்தது. பெண்கள் இருவரும் கழிவறைப் பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. படிக்கட்டின் கீழ் இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் என்னைத் தொடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வழியை விட்டு நகரவில்லை, அவ்வளவுதான். சட்டைப்பையில் இருந்த 120 லரியை வாங்கிக்கொண்டு, மீதி 1,360க்கு அட்டைக் கருவியை நீட்டினார்கள். ரகசிய எண்ணை நானே அழுத்தினேன்.

இந்த இடத்தைத் தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள். அங்கே 112 என்பதுதான் அவசர உதவி எண். காவல்துறைக்கும் அதே எண்தான். அட்டையை எடுப்பதற்கு முன், அவர்கள் கண்ணெதிரே அந்த எண்ணை அழைத்திருக்க வேண்டும். எனக்கு எண் தெரியும், கைபேசியும் கையில் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத பெண்களுடன் மது அருந்தப் போனவன் என்று காவலர் முன் நிற்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

அறைக்கு ஓடிவந்து வங்கிச் செயலியில் அட்டையை முடக்கினேன். மதுரையிலிருந்து அக்கா அழைத்தாள். "குரல் ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கிறது? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். குளிர் என்று சொல்லிவிட்டேன். நான் கொண்டுபோனது அந்த ஓர் அட்டைதான். பெட்டியில் 45 லரி இருந்தது.

காலை 9 மணி என்று சொன்ன வேன் 10.20க்குப் புறப்பட்டது. அதே வண்டிக்கு இன்னும் இரண்டு விடுதிகளில் ஆள் ஏற்றினார்கள். டிபிலிசியிலிருந்து கஸ்பெகி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ரஷ்ய எல்லை நோக்கிப் போகும் பழைய ராணுவ நெடுஞ்சாலை அது. ஜின்வாலி அணை நீர்த்தேக்கத்தின் கரையில் அனனூரி கோட்டை இருக்கிறது. நீலப் பச்சை நீரும் கல் கோபுரமும் சேர்ந்து அரைநாள் உட்காரத் தோன்றும் இடம். எங்களுக்குக் கொடுத்தது 15 நிமிடம். அடுத்து நெடுஞ்சாலையோரம் ஒரு தேன் கடையில் 50 நிமிடம். அக்ரூட் பருப்பைக் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த சுர்ச்கேலா, கம்பளித் தொப்பி, தேன் என்று ஒவ்வொன்றாகச் சுவைக்கவும் போட்டுப் பார்க்கவும் வைத்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. குதௌரி என்ற ஊரைத் தாண்டி, பள்ளத்தாக்கின் விளிம்பில் 1983இல் கட்டிய வட்ட வடிவ ரஷ்ய-ஜார்ஜிய நட்புச் சின்னத்தில் 20 நிமிடம். பிறகு உணவகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கையில் இருந்த காசை எண்ணிப் பார்த்து நான் வெளியே நின்றேன்.

கஸ்பெகி என்று எல்லோரும் சொல்லும் ஸ்டெபன்ட்ஸ்மிண்டா ஊரை அடைந்தபோது மணி மூன்றரை. 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கஸ்பெக் சிகரம் முழுவதுமாக மேகத்துக்குள் போயிருந்தது. தேவாலயம் மட்டும் மேலே சிறு கல் போலத் தெரிந்தது. அப்போதுதான் வழிகாட்டி அறிவித்தார்: வேன் மேலே போகாது, மலைப்பாதை கரடுமுரடானது, ஜீப்பில்தான் போக முடியும், தலைக்கு 50 லரி, ரொக்கம். துண்டுச் சீட்டைக் காட்டினேன். விற்றவர் வேறு, தான் வேறு என்றார். விற்றவரின் எண் அடித்துக்கொண்டே இருந்தது.

என்னிடம் தண்ணீர் வாங்கியது போக 40 லரி இருந்தது. பத்து லரி குறைவு, 300 ரூபாய். கூட வந்தவர்களிடம் கேட்டால் கொடுத்திருப்பார்கள். முந்தைய இரவின் அதே வெட்கம், நாக்கு எழவில்லை. நடந்தே ஏறுகிறேன் என்றேன். 4.45க்குள் வண்டிக்கு வராவிட்டால் காத்திருக்க மாட்டோம் என்றார்.

ஊர் 1,740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தேவாலயம் 2,170 மீட்டரில். நல்ல நடை நடப்பவருக்கும் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெரிந்தும் கிளம்பினேன். தெர்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்து கெர்கெட்டி கிராமத்துக்குள் ஏறும்போது என்னைத் தாண்டிச் சாதாரண வாடகைக் கார்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஜீப் அல்ல, நம் ஊரில் ஓடுவது போன்ற கார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தப் பாதை கல்லும் சேறுமாக இருந்தது உண்மை. இப்போது நன்றாகத் தளம் போட்டிருக்கிறார்கள். பெரிய வேன் ஏற முடியாது என்பது சரியாகவே இருக்கலாம். அதை 80 லரி வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டும். கிராமத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு பெண்மணி என் மூச்சிரைப்பைப் பார்த்து உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு காருக்கு மொத்தமாகவே 60 லரிதான், நான்கு பேர் போகலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். "இங்கேயே தங்கிவிடுங்கள், காலையில் மேகம் இருக்காது, பணத்தைப் பிறகு அனுப்புங்கள்" என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த உண்மையான விருந்தோம்பல் அதுதான். மறுநாள் மாலை விமானம் என்ற பயத்தில் மறுத்துவிட்டேன்.

35 நிமிடம் ஏறியதும் மணி பார்த்துத் திரும்பினேன். கீழே வந்தபோது வண்டி இருந்தது, ஜீப்பில் போனவர்கள் வந்து சேரவில்லை. அவர்கள் வரும்வரை 40 நிமிடம் காத்திருந்தது அதே வண்டி. தேன் கடை நேரத்தையும் இந்த நேரத்தையும் கூட்டினால் நான் தேவாலய வாசலில் நின்றிருப்பேன்.

அன்றிரவு ஒருவழியாக 112ஐ அழைத்தேன். ஆங்கிலம் பேசினார்கள், காவலர் இருவர் அறைக்கே வந்தார்கள், மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். "அந்த இடத்தில் இருந்துகொண்டே ஏன் அழைக்கவில்லை?" என்பதுதான் முதல் கேள்வி. ரகசிய எண்ணை நீங்களே அழுத்தியிருப்பதால் திரும்பப் பெற முடியாது என்று வங்கியும் பின்னர் எழுதிவிட்டது.

போகிறவர்கள் இரண்டு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எடுத்துப்போகும் அட்டைக்குச் செயலியில் சிறிய வரம்பு போடுங்கள். தெருவில் பழகியவர் தேர்ந்தெடுக்கும் கடைக்குள் போகாதீர்கள். போய்விட்டால், விலைப்பட்டியல் மேசைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள். கஸ்பெகிக்குச் சுற்றுலா வாங்கினால் தேவாலயம் வரை ஏற்றிவிடும் செலவு அடக்கமா என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். டிதுபே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து வண்டி நிலையத்திலிருந்து மார்ஷ்ருட்கா எனப்படும் சிற்றுந்துகள் கஸ்பெகிக்கு நேராகப் போகின்றன. முடிந்தால் ஓர் இரவு மேலே தங்குங்கள். ஒரே நாளில் திரும்புவதானால் காலை எட்டு மணிக்கு முன்பே டிதுபேயில் இருங்கள், மதியம் மேகம் ஏறிவிடுகிறது.