‘அது ஹோல்டுதான் சார், தானா போயிடும்’ என்று ஹோட்டலில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

முழு வாடகையையும் ஆன்லைனில் முன்பே கட்டிவிட்டுத் தங்கிய ஹோட்டல், நாங்கள் கிளம்பிய பிறகு அதே வாடகையை என் கிரெடிட் கார்டில் இன்னொரு முறை எடுத்துக்கொண்டது. பணம் கடைசியில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவர்கள் இழுத்தடித்த விதத்தை நான்கு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதே மாதிரி ஏமாந்து, போனது போகட்டும் என்று விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் இந்த ஹோல்டு விஷயம். செக்-இன் செய்யும்போது, வாடகை கட்டியிருந்தாலும், ‘மற்ற செலவுகளுக்கு’ என்று கார்டை வாங்கித் தேய்ப்பார்கள். அப்போது பணம் எதுவும் போவதில்லை. உங்கள் கார்டு லிமிட்டில் ஒரு தொகையை வங்கி ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். நாம் கிளம்பும்போது ஹோட்டல் அதை விடுவிக்க வேண்டும், அல்லது உண்மையில் ஆன செலவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விடுவிக்க மறந்தாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது காலாவதியாகிவிடும். டெபிட் கார்டைக் கொடுத்திருந்தால் அதுவரை உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும். ஹோட்டலில் டெபிட் கார்டை நீட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வங்கி ஆப்பில் ‘பென்டிங்’ என்று இருக்கும்வரைதான் அது ஹோல்டு. பென்டிங் போய், தேதியோடு கணக்கில் ஏறிவிட்டால் அது முடிந்துபோன வசூல். அது தானாக எங்கேயும் போகாது. என்னுடையது ஸ்டேட்மெண்ட்டிலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லித்தான் ஃப்ரண்ட் டெஸ்க்குக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் கூசாமல் “அது ஹோல்டுதான் சார், ஒரு வாரத்துல தானா போயிடும்” என்றார். அடுத்த முறை பேசியவரும் அதையேதான் சொன்னார். அப்புறம் மேனேஜர் லீவு. அப்புறம் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டுச் சொல்கிறோம்.

அந்த அக்கவுண்ட்ஸ்காரர்தான் வாய் தவறி உண்மையைச் சொன்னார். புக்கிங் தளத்தில் நாம் கட்டும் பணம் பல நேரம் நேராக ஹோட்டலுக்குப் போவதில்லை. அந்தத் தளம் ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு விர்ச்சுவல் கார்டு, அதாவது அட்டை இல்லாமல் எண் மட்டும் உள்ள கார்டின் எண்ணை, ஹோட்டலுக்கு அனுப்பும். ஹோட்டல் அதில்தான் வாடகையை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யும் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. “அந்தக் கார்டு டிக்லைன் ஆயிடுச்சு சார், அதனால ஃபைல்ல இருந்த உங்க கார்டுல எடுத்துட்டோம்” என்றார், ஏதோ நமக்கு உபகாரம் செய்தது மாதிரி. புக்கிங் தளத்திடம் வசூலிக்க வேண்டிய பாக்கியை விருந்தாளி தலையில் கட்டியிருக்கிறார்கள். தளத்தைக் கேட்டால், ஹோட்டலிடம் பேசுங்கள் என்றது. ஹோட்டலைக் கேட்டால், தளத்திடம் பேசுங்கள். சரி, இவர்கள் இருவருக்கும் நடுவில் பந்தாக உருண்டது போதும் என்று வங்கிக்குப் போனேன்.

இங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வங்கி உதவி எண்ணில் பேசுபவர் எடுத்த எடுப்பிலேயே “இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்யவில்லை, அப்படித்தானே?” என்று கேட்பார். ஆமாம் என்றால் புகார் மோசடி வகையில் பதிவாகும். கார்டு உடனே முடக்கப்படும். அப்புறம் ஹோட்டல் நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிவுப் படிவத்தையும் கார்டைத் தேய்த்த சீட்டையும் அனுப்பும். வந்து தங்கியவர் நீங்கள்தான் என்பது ஊர்ஜிதம். புகார் அங்கேயே விழுந்துவிடும்.

நடந்தது மோசடி வகையில் சேராது, பில்லில் நேர்ந்த தவறு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் இந்தத் தகராறுகளைக் காரணம் காரணமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கின்றன. விசாவில் 10-ல் தொடங்கும் எண்கள் மோசடிக்கு, 12-ல் தொடங்குபவை வசூலில் நடந்த தவறுகளுக்கு, 13-ல் தொடங்குபவை ரத்து செய்தது, ரீஃபண்ட் வராதது போன்ற வாடிக்கையாளர் புகார்களுக்கு. ஒரே தொகையை இரண்டு முறை எடுத்தால் 12.6.1. வேறு வழியில் ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கார்டிலும் எடுத்தால் 12.6.2. என் கதை இந்த இரண்டாவது. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. “தங்கினேன், மறுக்கவில்லை, ஆனால் இதே தங்கலுக்கு வேறு வழியில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது” என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லிவிட்டால் போதும். எதிர்முனையில் இருந்தவர் மோசடி என்றே பதிய முயன்றார். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று, எழுத்தில் கொடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். பெரும்பாலான வகைத் தகராறுகளுக்குக் கார்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் கெடு 120 நாள். உங்கள் வங்கியோ உங்கள் நாட்டுச் சட்டமோ வாடிக்கையாளருக்கு அதைவிடக் குறைவாகவும் கொடுத்திருக்கலாம். ‘மாதக் கணக்கு முடியட்டும்’, ‘தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று ஹோட்டல் சொல்லும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது. வேண்டுமென்றேதான் செய்கிறார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இழுத்தடித்தால் லாபம் யாருக்கு என்பது தெரிந்ததுதான்.

ஹோட்டலுக்கு ஒரு ஈமெயில், பதிலுக்கு ஒரு நியாயமான அவகாசம், அப்புறம் வங்கி. இதற்கு மேல் பொறுமை காட்டாதீர்கள். போனில் பேசியது எதுவும் சாட்சிக்கு நிற்காது. “ரீஃபண்ட் போட்டாச்சு” என்று சொன்னால் அந்தக் கார்டு பரிவர்த்தனைக்கு உரிய அடையாள எண்ணை, ஏஆர்என் என்னும் 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். உண்மையிலேயே போட்டிருந்தால் அந்த எண் இருக்கும். அதை வைத்து உங்கள் வங்கி தேடிப் பார்க்கும். நான் கேட்டதும் போனில் ஒரே அமைதி.

நடுவில் அடுத்த முறை தங்க இலவச வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று ஈமெயிலிலேயே எழுதிவிட்டேன். வாங்கிக்கொண்டால், விஷயம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று வங்கியிடம் காட்ட அதுவே அவர்களுக்குப் போதும்.

வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கும்போது ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். அது தற்காலிகம்தான். ஹோட்டலுக்கு மறுத்துப் பேச உரிமை உண்டு. என் விஷயத்திலும் மறுத்தார்கள்; எதிர்பார்த்தபடியே கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பினார்கள். தங்கியதை நான் மறுக்கவே இல்லை என்றும், அந்தப் படிவத்தில் இரண்டாம் முறை வாடகை கட்டுவதாக எங்கேயும் இல்லை என்றும் எழுதி, புக்கிங் தளத்தின் ரசீதையும், செக்-அவுட்டில் வாங்கிய பாக்கி பூஜ்யம் என்று காட்டும் பில்லையும் மறுபடி இணைத்தேன். அந்த பில்தான் காப்பாற்றியது. கிளம்பும் அவசரத்தில் பலர் வாங்குவதில்லை. முன்கூட்டியே கட்டியவர்கள், அதில்தான் ஒன்றும் இல்லையே என்று இன்னும் அலட்சியமாக இருப்பார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

தகராறு நடக்கும்போது கார்டு பில்லின் மீதியைக் கட்டாமல் விடாதீர்கள். தகராறில் உள்ள தொகையைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். வேற்று நாணயத்தில் வசூல் நடந்திருந்தால் இன்னொரு தலைவலி: எடுத்த நாளின் மாற்று விகிதம் வேறு, ரீஃபண்ட் வரும் நாளின் விகிதம் வேறு. கொஞ்சம் குறைவாக வந்து சேரலாம். குறைந்த அந்தத் தொகையையும் அயல்நாணயக் கட்டணத்தையும் தனியாகக் கேட்க வேண்டும்.

புகார் முடிந்ததும் என் கார்டு விவரத்தை அவர்கள் கோப்பிலிருந்து அழிக்கச் சொல்லி ஹோட்டலுக்கு எழுதினேன். புதுக் கார்டு வாங்கினால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் சேமித்து வைத்த கார்டுகளின் புது எண்ணைச் சில வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவையை விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்துகின்றன. அழித்துவிட்டோம் என்று பதில் வந்திருக்கிறது. அதையும் அந்த பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.