புது ஹார்ட் டிஸ்க் என்று பழையதை விற்கிறார்கள்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில், மூன்று வருஷம் ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்கைப் புதுசு என்று சொல்லி என்னிடம் விற்றார்கள். புகார் நடப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. வீட்டில் ஸ்டோரேஜ் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

என் சர்வரில் இரண்டு 4 டிபி டிஸ்க், ரெய்டு 1. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். தங்கை கல்யாணம், அப்பா இருந்தபோது எடுத்த படங்கள், தல்லாகுளத்து எதிர்சேவையை வருஷா வருஷம் எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான். ஒரு டிஸ்கில் படிக்க முடியாத செக்டார் கூடிக்கொண்டே போய், கடைசியில் சர்வர் அதைக் கழற்றிவிட்டது. மிச்சம் ஒரே டிஸ்க்.

கடையில் முதலில் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்கைக் காட்டி, "இதே போதும்ணே" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரகத்தில் பலதும் எஸ்எம்ஆர், அதாவது பதிவுத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் நெருக்கி எழுதுபவை. ரெய்டு மறுபடி கட்டும்போது, அதாவது மிச்சமிருக்கும் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு நகலெடுக்கும்போது, எழுதும் வேகம் படுத்துவிடும். 2020-ல் நாஸ் (வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்) டிஸ்க் என்று விற்றதிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதனால் சீகேட் கம்பெனியின் நாஸ் டிஸ்கான ஐயன்வுல்ஃப்தான் வேண்டும் என்றேன். உள்ளே போய் எடுத்து வந்தார்கள். பெட்டி இல்லை, சில்வர் கவர் மட்டும். "பல்க்கா வர்றதுண்ணே, பெட்டி வராது" என்றார் கடைத் தம்பி. பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தார். விடாமல் நின்று எழுதி வாங்கினேன்.

வீட்டில் கவரைப் பிரித்ததும் சந்தேகம் வந்தது. ஸ்க்ரூ போடும் ஓட்டைகளைச் சுற்றி உலோகம் தேய்ந்து பளபளத்தது. கேபிள் செருகும் இடத்தில், தங்க நிறப் பட்டைகள் மேல் மெல்லிய நீளக் கீறல்கள். பலமுறை செருகி எடுத்தால்தான் அப்படி வரும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைப் பார்த்தால் ஓடிய நேரம் 2 மணி என்றது. சரி, ஃபேக்டரியில் சோதித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்துப் பார்த்ததில் சாயம் வெளுத்தது.

சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு உண்டு. ஸ்மார்ட் எண்களை பூஜ்ஜியமாக்கிவிடுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. டிஸ்கின் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளில், 7.4 பதிப்பிலிருந்து இதைப் படிக்கலாம். என் 'புது' டிஸ்கில் அது காட்டியது 26,000 மணி நேரத்துக்கும் மேல். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீகேட் தளத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தால், இது கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த சரக்கு, தனியாக வாங்கியவருக்கு வாரன்டி கிடையாது என்று வந்தது. கடையில் சொன்னது 3 வருஷ வாரன்டி.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதே மோசடியை வெளியே கொண்டுவந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ராப்பகலாக ஓட்டிய டிஸ்குகள்தான் இப்படிக் கைமாறி வருகின்றன என்று அப்போது பேச்சு அடிபட்டது.

எனக்குக் கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. ரெய்டு மறுபடி கட்டும்போது, மிச்சமிருக்கும் ஒரே டிஸ்கை முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தாலும் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். பழைய டிஸ்கை அவ்வளவு நேரம் வாட்டி, எழுதுகிற டிஸ்கும் செத்துக்கொண்டிருக்கும் ஒன்றாக இருந்தால், அப்பா படங்களுக்கு என்ன கதி? விற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

திரும்பக் கொண்டுபோனபோது தம்பி, "கவரைப் பிரிச்சிட்டீங்கள்லண்ணே, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அப்புறம் முதலாளி வந்து, இது எங்கள் கடைச் சரக்கே இல்லை என்றார். பில்லில் சீரியல் நம்பரைக் காட்டியதும் பேச்சு மாறியது: "கம்பெனிக்கு அனுப்புறோம், ஒரு மாசம் ஆகும்." டிஸ்கை அவர்கள் கையில் விட மறுத்துவிட்டேன். சாட்சியே அதுதான்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

படங்களை முதலில் ஒரு வெளி டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டு, வேறு இடத்தில் பெட்டியோடு வாங்கிய டிஸ்கைப் போட்டு, யுபிஎஸ் வைத்து ரெய்டைக் கட்டியாயிற்று. நீங்கள் வாங்கும்போது கடையில் நின்றபடியே போனில் சீரியல் நம்பரைப் போட்டு வாரன்டி பாருங்கள். வேறு கம்பெனி டிஸ்கில் ஃபார்ம் கிடையாது, அங்கே வாரன்டித் தேதியும் ஸ்க்ரூ ஓட்டைகளும்தான் துப்பு. பார்க்க விடவில்லை என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் பெட்டியில்லாமல் வாங்கிய யாராவது ஃபார்ம் பதிவைப் பார்த்தால் என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.